மழைநீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தெருவோர மழைநீர் வடிகாலில் இறங்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகிறது?

பதில்: பெரும்பாலும் இல்லை. மழைநீருக்கும் சாக்கடைக்கும் தனித்தனிக் குழாய் உள்ள ஊர்களில், வடிகால் நீர் நேராக ஓடைக்கோ ஏரிக்கோ கடலுக்கோ போய்விடும். வழியில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. வாசலில் கார் கழுவிய சோப்பு நுரையும், சிந்திய எஞ்சின் ஆயிலும், தோட்டத்து உரமும் அதே வழிதான். இரண்டையும் ஒரே குழாயில் விடும் பழைய நகரங்களில் நிலையத்துக்குப் போகும். ஆனால் கனமழையில் குழாய் தாங்காமல் கழிவுநீரும் சேர்ந்து ஆற்றில் வழியும். தனிக் குழாய் உள்ள இடத்தில் மொட்டை மாடிக் குழாயைச் சாக்கடையில் இணைத்துவிடுகிறார்களே, அவர்கள்தான் மழை நாளில் மேன்ஹோல் பொங்குகிறது என்று புகாரும் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மாடி 100 சதுர மீட்டர். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் உறிஞ்சு குழி வெட்டி ஜல்லி நிரப்பினோம். ஒரு நல்ல மழைக்கே நிரம்பி வழிகிறது. மண் சரியில்லையா?

பதில்: மண்ணைப் பழிக்கும் முன் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் மாடியில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். நனைவதற்கும் தெறிப்பதற்கும் பத்தில் ஒரு பங்கு கழித்தாலும் 1,800 லிட்டர் குழாயில் இறங்கும். உங்கள் குழி 1,000 லிட்டர் என்று நினைத்திருப்பீர்கள். ஜல்லி இடத்தை அடைத்துக்கொள்வதால், இடுக்குகளில் நிற்பது சுமார் 40 சதவீதம், அதாவது 400 லிட்டர்தான். ஒரே மணி நேரத்தில் கொட்டும் மழையை மண் உடனுக்குடன் குடித்துவிடாது. 1,800 லிட்டரையும் பிடித்து வைக்க 4.5 கன மீட்டர் வேண்டும்: 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம்.

இடம் இருந்தால் நான் சொல்வது வேறு. தோட்டத்தில் 12 சதுர மீட்டரை 15 செ.மீ. பள்ளமாக்கிச் செடி வையுங்கள். அதே 1,800 லிட்டர் நிற்கும், ஒரு கூடை ஜல்லியும் வேண்டாம். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னொரு லாபம்.

எதைச் செய்தாலும் முதலில் மண்ணைச் சோதியுங்கள். குழியின் அடிமட்டம் வரப்போகும் ஆழத்தில் 30 செ.மீ. துளை தோண்டித் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். காய்ந்த மண் முதல் தடவை ஆவலாகக் குடிக்கும், அந்த அளவை நம்பாதீர்கள். மறுபடி நிரப்பி, குச்சி நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். 12 மி.மீ.க்குக் குறைந்தால் களிமண். உறிஞ்சு குழியை நம்பிப் பயனில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அடிக்கு 1 மீட்டருக்குள் ஏறும் இடமும் ஆகாது.

குழி போடுவதென்றால் அஸ்திவாரத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி, செப்டிக் டேங்க் பக்கம் போகாமல் போடுங்கள். ஜல்லி கழுவியதாக இருக்கட்டும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி சுற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மண் கரைந்து இடுக்குகளை நிரப்பிவிடும். குழிக்கு முன்னால் ஒரு சிறு வண்டல் தொட்டி அவசியம். மாடித் தூசியும் சருகும் அதில் தங்கும், மழைக்காலத்துக்கு முன் அள்ளிவிடலாம். தொட்டி இல்லாத குழியில் அடைப்பெடுக்க ஒரே வழி, ஜல்லி முழுவதையும் வெளியே எடுப்பது. மிஞ்சும் நீர் வழிய ஒரு குழாயும் வையுங்கள், எந்தக் குழியையும் தோற்கடிக்கும் மழை உண்டு.

கேள்வி: மழை பெய்தால் சுவரோரம் தண்ணீர் தேங்கி, உள்ளே ஈரம் ஏறுகிறது. கட்டும்போது வாட்டம் விட்டுத்தான் கட்டினார்கள்.

பதில்: விட்டிருப்பார்கள். ஆனால் அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தைத் திரும்ப மூடிய மண் வருடக்கணக்கில் அமுங்கும். வெளிப்பக்கம் போன வாட்டம் சுவர் பக்கம் திரும்பியிருக்கும். டியூப் லெவல் (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய தெளிவான குழாய்) பிடித்துப் பாருங்கள். மண் தரை சுவரிலிருந்து 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறங்க வேண்டும், தளம் போட்ட இடத்தில் 6 செ.மீ. போதும். மண் கொட்டி உயர்த்தும்போது சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு 15 செ.மீ. கீழேயே நிறுத்துங்கள், அதை மூடினால் ஈரம் இன்னும் சுலபமாக ஏறும். மாடிக் குழாயின் வாயையும் சுவரை விட்டு 2 மீட்டர் நீட்டுங்கள், அடுத்த வீட்டுக்காரர் பக்கம் திருப்பாமல்.

கேள்வி: வாசலில் பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்குமா?

பதில்: சாதாரணமாகப் பதிப்பதில் கொஞ்சம்கூட இறங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுப் பதித்து, இடுக்கில் மணலுக்குப் பதில் பொடி ஜல்லி இட்டு, அடியில் பொடியில்லாத ஜல்லிப் படுகை போட்டால்தான் இறங்கும். இடுக்கில் சேரும் தூசியை அவ்வப்போது எடுக்காவிட்டால் அதுவும் அடைத்துவிடும்.

கேள்வி: தோட்டப் பள்ளத்தில் நீர் நின்றால் கொசு வராதா?

பதில்: முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சரியான பள்ளம் 48 மணி நேரத்துக்குள் வற்றிவிடும். மூன்றாம் நாளும் நின்றால் மேலே வண்டல் படிந்திருக்கிறது. காய்ந்த பிறகு மேல் 5 செ.மீ. சுரண்டி எடுத்து, அடிமண்ணைத் தோட்ட முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது உள்ளே இறங்கி மிதிக்காதீர்கள், மண் இறுகிவிடும்.