ஃபோர்க்லிஃப்டை தினமும் எடுக்கும் முன் என்னென்ன செக் பண்ண வேண்டும்? ஐந்து நிமிடம் போதுமா?

போதாது. பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அதில் பாதிக்கு மேல் சாவி போடாமலேயே போக வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடி செக் லிஸ்ட்டில் மளமளவென்று டிக் அடித்தால், ஆளைக் கொல்லக்கூடிய பழுதுகள் கண்ணிலேயே படாது.

முதலில் வண்டி நின்ற தரையைப் பாருங்கள். மாஸ்டுக்கு (சுமையை ஏற்றி இறக்கும் முன்பக்கச் செங்குத்துச் சட்டம்) நேர் கீழே எண்ணெய் சொட்டியிருந்தால் லிஃப்ட் சிலிண்டரின் சீல் அல்லது ஹோஸ் மீது சந்தேகப்படலாம். கசிவைத் தேடி ஹோஸை விரலால் தடவாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பிரஷரோடு பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகி விரலையே எடுக்க நேரலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், நனைந்தால் அங்கேதான் கசிவு.

அடுத்து ஃபோர்க், அதாவது சுமையைத் தாங்கும் L வடிவ இரும்புக் கரம். அது செங்குத்திலிருந்து படுக்கையாக மடங்கும் இடம்தான் தரையில் உரசித் தேயும், விரிசலும் அங்கேதான் விழும். துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். செங்குத்துப் பகுதி தேயாது என்பதால் அங்கே காலிப்பரில் (தடிமன் அளக்கும் கருவி) அளந்தால் பழைய தடிமன் கிடைக்கும். அங்கே 40 மி.மீ. இருந்து மடிப்பருகே 36 ஆகியிருந்தால் ஃபோர்க்கை மாற்ற வேண்டியதுதான். 10% தேய்மானம்தானே என்று தோன்றும்; ஆனால் வளையாமல் தாங்கும் பலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே சுமார் 20% பலம் போயிருக்கும். விரிசல் மேல் வெல்டிங் வைத்து ஓட்டுவதெல்லாம் வேண்டாம். ஃபோர்க் நகராமல் பிடிக்கும் லாக் பின் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாஸ்டில் ஃபோர்க்கைத் தூக்கும் செயின் இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். துரு, வறட்சி, வெளியே துருத்தும் பின் எதுவும் கூடாது. 3% நீண்டிருந்தால் மாற்ற வேண்டும், ஆனால் அந்த அளவை மெக்கானிக் எடுக்கட்டும். மாஸ்டுக்குள் கை விடவே கூடாது.

டயர் வெட்டு, வீல் நட், ஆயில், கூலன்ட் எல்லாம் சட்டென்று முடியும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் தகடுகள் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு, முன்பே ஊற்றினால் பொங்கி வழியும். எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்லும் லோடு கெப்பாசிட்டி பிளேட் படிக்கும்படி இருக்கிறதா? அட்டாச்மென்ட் (கூடுதலாகப் பொருத்தும் கருவி) மாட்டியிருந்தால் அதோடு சேர்த்துக் கணக்கிட்ட எடையே அதில் இருக்க வேண்டும்.

இப்போது ஏறி உட்காருங்கள். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பிடிக்க வேண்டும். வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவர்மேல்தான் தலைக்கு மேலுள்ள கூண்டு விழுகிறது, அதனால் பெல்ட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ஹாரன், லைட், ரிவர்ஸ் அலாரம், பிறகு மெதுவாக நகர்த்தி பிரேக், ஸ்டியரிங், ஹேண்ட் பிரேக். மேலே இடம் பார்த்து மாஸ்டை முழுக்க ஏற்றி இறக்குங்கள். திணறலோ கிறீச்சிடலோ கூடாது. பாதியில் நிறுத்தி ஒரு நிமிடம் கவனியுங்கள். ஃபோர்க் தானாக இறங்கினால் ஹைட்ராலிக்கில் உள்கசிவு இருக்கலாம்.

கோளாறு தெரிந்தால் "இந்த ஒரு லோடு மட்டும்" என்று எடுக்காதீர்கள். "ஓட்டாதே" என்ற டேக் கட்டிவிட்டு சாவியைக் கழற்றிச் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். சாவி வண்டியிலேயே தொங்கினால், டேக்கைப் பார்க்காத யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்.