போர்ட் கிரிமோ: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெற்கு பிரான்ஸில் சான் த்ரோபே போனபோது, நீங்கள் பாராட்டி எழுதியிருந்த கால்வாய் ஊரான போர்ட் கிரிமோவையும் பார்த்தோம். காரை வெளியே நிறுத்திவிட்டு ஒரு மணிநேரம் சுற்றினோம். கலர் கலராக வீடுகள், துணிக்கடைகள், ஐஸ்கிரீம். கால்வாய்கூட பாலத்தில் ஏறினால்தான் சரியாகத் தெரிகிறது. 1960களில் கட்டிய ஊருக்குப் பழைய மீனவக் கிராமத்தின் வேடம் எதற்கு? சினிமா செட் மாதிரி இருந்தது.

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

நடந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த வீடுகளுக்குத் தெருவாசல் ஒரு பக்கம். தோட்டமும் படகுத்துறையும் மறுபக்கம், கால்வாயை ஒட்டி. தெருவில் போகிறவர்கள் பார்ப்பது வீட்டின் கொல்லைப்புறத்தைத்தான்.

ஊரை வடிவமைத்த ஃபிரான்சுவா ஸ்போரிக்குப் பாய்மரப் படகென்றால் உயிர். வீட்டு வாசலிலேயே படகைக் கட்ட வேண்டும் என்ற ஆசையில் பிறந்த திட்டம் இது. ஜிஸ்க்ல் ஆறு கடலில் சேரும் சதுப்பு நிலத்தில் 1966இல் வேலை தொடங்கியது. மத்தியதரைக் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது மிகக் குறைவு. அதனால்தான் தோட்டத்திலிருந்து ஓரடி எடுத்துவைத்துப் படகில் ஏறிவிட முடிகிறது. கடல் பல மீட்டர் ஏறி இறங்கும், பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி கரையில் இதை இப்படிக் கட்டியிருக்க முடியாது.

வேடம் என்கிறீர்கள். அன்றைய நவீனக் கட்டடக் கலைஞர்களும் இதைத்தான் சொன்னார்கள். அதே காலத்தில் இந்தக் கடற்கரையில் என்ன எழுந்தது என்று பாருங்கள். நீஸ் அருகே கடலை மறித்து நிற்கும் ‘மரினா பே தேஸ் ஆன்ஜ்’ அடுக்குமாடிகள் 1960களின் கடைசியில் தொடங்கியவை. ஸ்போரி தாழ்வான வீடுகளைக் கட்டினார். அடுத்தடுத்த வீடுகளின் நிறம், உயரம், ஜன்னல் எல்லாம் மாறிக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய காரியம், ஐரோப்பாவே காருக்காக ஊர்களை இடித்து அகலப்படுத்திய காலத்தில் அவர் காரை ஊருக்கு வெளியே நிறுத்தியது. சந்துகள் அவ்வளவு குறுகலாக இருக்க முடிவது அதனால்தான். முகப்பு பழைய பாணி என்பதற்காக இந்தத் துணிச்சலைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

என் வருத்தம் வேறு. பெரும்பாலானவை விடுமுறை வீடுகள்; குளிர்காலத்தில் தெருத்தெருவாக ஜன்னல்கள் மூடிக் கிடக்கும். அங்கே உழைப்பவர்கள் அங்கே வீடு வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. கிராமம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இதனால்தான்.

தேவாலயத்துக்குள் போனீர்களா? கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இருவருக்கும் பொதுவானது. கோட்டை போன்ற கனத்த சுவர்கள். கண்ணாடி ஜன்னல்கள் ஓவியர் விக்டர் வசரெலி செய்தவை, முழுக்க வடிவியல் உருவங்கள். வெயில் நேரத்தில் அந்த நிறங்கள் தரையில் விழுவதைப் பார்க்க வேண்டும். 1999இல் இறந்த ஸ்போரியின் கல்லறையும் அங்கேதான். போர்க்காலத்தில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து, பூஹன்வால்ட், டாஹௌ வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பியவர் அவர். அப்படிப்பட்ட மனிதர் பிறகு இப்படி ஓர் ஊரைக் கட்டினார் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. தேவாலயக் கோபுரத்தில் ஏறினால் கால்வாய்கள் மொத்தமும் தெரியும்.

அடுத்த முறை ஆகஸ்ட் வேண்டாம், சான் த்ரோபே சாலை நெரிசலில் பாதி நாள் போய்விடும். செப்டம்பரில் போங்கள். சான் த்ரோபேயிலிருந்து படகிலேயே வரலாம். அப்புறம், சின்ன மின்படகு வாடகைக்குக் கிடைக்கும், ஓட்ட உரிமம் வேண்டாம். உள்கால்வாய்கள் வரை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.