கேள்வி–பதில்: சட்டமூலம் சபைக்கு வந்தபிறகு என்ன நடக்கும்?

கேள்வி: "சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது" என்று செய்தியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் சட்டம் வந்துவிட்டதா? வகுப்பில் இதைப்பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. (உயர்தர மாணவி, சுன்னாகம்)

பதில்: இல்லைத் தங்கச்சி, அன்றைக்கு அது சட்டமாகவில்லை. சமர்ப்பித்தல் என்பது தொடக்கம். அதற்கு முன்னமே அமைச்சரவை சம்மதித்து, சட்டவரைஞர் திணைக்களம் எழுதி, அரசியலமைப்புக்கு முரணாக ஏதும் இருக்கிறதா என்று சட்டமா அதிபர் பார்த்து, வர்த்தமானியிலும் வந்திருக்கும். அதன்பிறகுதான் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அன்றைய நிகழ்ச்சி நிரலில், ஏறும், அமைச்சர் எழுந்து சமர்ப்பிப்பார். அதுவே முதலாம் வாசிப்பு. பாராளுமன்றத்தின் தமிழ் ஆவணங்களில் இதை 'மதிப்பீடு' என்று எழுதுவார்கள், பேப்பரில் 'வாசிப்பு' என்று வரும், இரண்டும் ஒன்றுதான். முதலாம் வாசிப்பில் விவாதமில்லை. ஆனால் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு முழுப் பயணத்திலும் முக்கியமான நேரம் அதுதான் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து சில நாட்களுக்குள் எந்தக் குடிமகனும் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போய் "இது அரசியலமைப்புக்கு ஒவ்வாது" என்று மனுப் போடலாம். மனு வந்தால் மூன்று வாரத்துக்குள் நீதிமன்றம் தன் தீர்மானத்தைச் சபாநாயகருக்கும் சனாதிபதிக்கும் அறிவிக்க வேண்டும்.

அந்தக் கெடு தாண்டினால் கதவு மூடிவிடும். சபை நிறைவேற்றி, அது முறைப்படி நிறைவேறியது என்று சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று இலங்கையில் எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது, அரசியலமைப்பின் உறுப்புரை 80(3) அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவில் ஒரு சட்டம் வந்து பத்து வருடம் கழித்தும் வழக்குப் போடலாம். இங்கே முடியாது. உங்கள் வகுப்பில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கேள்வி: "குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்கிறார்கள், பிறகு "குழுநிலை" என்கிறார்கள். எத்தனை குழுக்கள்? அங்கே உண்மையில் ஏதாவது நடக்கிறதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி)

பதில்: மாஸ்ரர், குழப்பம் வருவது நியாயம், ஒரே சொல்லுக்குள் வேறு வேறு விஷயங்கள் கிடக்கின்றன. முதலாம் வாசிப்புக்குப் பிறகு சட்டமூலம் அந்தந்தத் துறைசார் மேற்பார்வைக் குழுவிடம் போகும். சில அமைச்சுகளின் விடயங்களைச் சேர்த்து ஒரு குழு என்று வைத்திருப்பார்கள், ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் அதில் இருக்கும். அவர்கள் அமைச்சின் அதிகாரிகளைக் கூப்பிட்டு "இந்த வாசகம் எதற்கு, இந்தத் தண்டம் ஏன் இவ்வளவு" என்று கேட்கலாம். இது நல்ல ஏற்பாடு. நல்ல உறுப்பினர்கள் இருந்தால் சட்டத்தின் பிழைகள் இங்கேயே திருத்தப்படும்.

அப்புறம் இரண்டாம் வாசிப்பு. அதில் சட்டமூலத்தின் நோக்கம் சரியா பிழையா என்பதைப் பற்றித்தான் விவாதம். வாக்கெடுப்பில் தப்பினால் குழுநிலைக்கு வரும். பெரும்பாலும் அது முழுப் பாராளுமன்றக் குழு. அதாவது தனியாக நாலு பேரைத் தெரிந்தெடுத்து ஒரு அறைக்குள் அனுப்புவதில்லை, சபையில் இருக்கிற எல்லோரும் அதே மண்டபத்தில், அதே கதிரைகளில் இருந்தபடியே குழுவாக மாறி, வாசகம் வாசகமாக எடுத்துப் பார்ப்பார்கள். சில சட்டமூலங்கள் இதற்குப் பதிலாகச் சட்டவாக்க நிலையியற் குழுவுக்கோ விசேடமாக அமைக்கிற தெரிகுழுவுக்கோ போவதும் உண்டு. குழு முடிந்தால் மூன்றாம் வாசிப்பு, அது பெரும்பாலும் ஒரு சடங்கு மாதிரி விரைவாக முடிந்துவிடும்.

வரவு செலவுத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள், சுலபமாக விளங்கும். அதுவும் ஒரு சட்டமூலம்தான், ஒதுக்கீட்டுச் சட்டமூலம். இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு முடிந்தபிறகு "இன்று சுகாதார அமைச்சின் ஒதுக்கீடுகள் மீதான குழுநிலை விவாதம்" என்று வாரக்கணக்காகப் பேப்பரில் வருமே, அதுதான் இது. ஆனால் மற்றச் சட்டமூலங்களுக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. நாள் முழுக்க விவாதம் நடக்கும், பின்னேரம் குழுநிலையில் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும், 225 பேர் இருக்க வேண்டிய சபையில் கூட்ட நடப்பெண்ணுக்கு, அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தது இருக்க வேண்டிய எண்ணிக்கைக்கு, 20 பேர் போதும். தொலைக்காட்சியில் காட்டுவது பகலில் நடந்த சத்தத்தை. சட்டத்தின் சொற்கள் மாறுவது பின்னேரத்தில். "அங்கே ஏதாவது நடக்கிறதா" என்று கேட்டீர்கள், நான் சொல்வேன், அங்கேதான் எல்லாம் நடக்கிறது.

இணையத்தில் போடும் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எடுங்கள். 2023 ஒக்டோபரில் சபைக்கு வந்தது, நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின, பல வாசகங்களைத் திருத்தாவிட்டால் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 சனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் குழுநிலையில் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொல்லிச் சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையே கொண்டுவந்தன, அது தோற்றது. சான்றுரையை எதிர்த்துப் போட்ட மனுவையும் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவில்லை. முதல் பதிலில் சொன்ன கதவு மூடுவது என்றால் இதுதான்.

கேள்வி: எங்கள் எம்.பி. தானாக ஒரு சட்டமூலம் கொண்டுவரலாமா, அல்லது அமைச்சர் மட்டும்தானா? (கடற்றொழிலாளி, பருத்தித்துறை)

பதில்: கொண்டுவரலாம் அண்ணை. தனி உறுப்பினர் சட்டமூலம் என்று பெயர். உங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது, இழுவைமடித் தடை கேட்டு எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்தது அப்படித்தான். 2017 யூலையில் கடற்றொழில் சட்டத்துக்கான திருத்தம் நிறைவேறி அந்தத் தடை சட்டமானது. ஒரு கட்டுப்பாடு உண்டு: அரச பணத்தைச் செலவழிக்கச் சொல்லும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு அமைச்சர் ஒருவர்தான் கொண்டுவர முடியும். உங்கள் எம்.பி.யிடம் போகும்போது "சட்டம் கொண்டுவாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு உங்களைப் பாதிக்கிறது என்று சங்கமாக எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் குழுவில் பேச அவர் கையில் ஏதாவது இருக்கும்.

கேள்வி: மாகாணத்துக்குரிய விடயத்தில் கொழும்பு சட்டம் கொண்டுவந்தால் எங்களிடம் கேட்க வேண்டாமா? (வாசகர், கோப்பாய்)

பதில்: கேட்க வேண்டும். அரசியலமைப்பில் மாகாண சபைகளுக்கென்று ஒதுக்கிய விடயங்களின் பட்டியலான மாகாண சபை நிரலில் உள்ள ஒரு விடயம் என்றால், வர்த்தமானியில் வந்தபிறகு, ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுவதற்கு முன்னர், சனாதிபதி அதை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் பெற வேண்டும். 2012இல், வாழ்வாதார உதவித் திட்டங்களை ஒரே திணைக்களத்தின் கீழ் கொண்டுவரும் திவிநெகும சட்டமூலத்தில் இதுதான் பிரச்சினையாக வந்தது. அப்போது வடக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை, ஆளுநர் சம்மதம் சொன்னார். சபைக்குப் பதிலாக ஆளுநர் சொல்ல முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சபையின் சம்மதம் இல்லாததால் கடைசியில் 2013 சனவரியில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள்.

2013 செப்டெம்பரில் எங்களுக்கு ஒரு சபை வந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. பிறகு ஏன் தேர்தல் நடக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறோம். பதில் குழுநிலையில்தான் கிடக்கிறது. 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் சபைக்கு வந்தபோது அதன் நோக்கம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்குவது. நல்ல நோக்கம். ஆனால் குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் வந்து, தேர்தல் முறையே விகிதாசாரத்தோடு தொகுதிவாரியும் சேர்ந்த கலப்பு முறையாக மாறியது, 159க்கு 37 என்று நிறைவேறியது. கலப்பு முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை வந்தது, 2018 ஓகஸ்டில் சபை அதை ஒருவர்கூட ஆதரிக்காமல் 139 வாக்குகளால் தள்ளிவிட்டது. பழைய முறையில் நடத்தச் சட்டமில்லை, புதிய முறையில் நடத்த எல்லையில்லை. வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தை ஒருவர் முழுதாக வாசித்திருந்தாலும் இதைக் கண்டிருக்க முடியாது, அது அங்கே இருக்கவேயில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் சட்டமூலங்களை வாசிக்க வைக்க விரும்புகிறோம். தமிழில் கிடைக்குமா? (செயலாளர், சனசமூக நிலையம், நீர்வேலி)

பதில்: கிடைக்கும், இது மிக நல்ல யோசனை. மூன்று மொழியிலும் அச்சாகிறது, பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். கடைசி வாசகத்தை முதலில் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையில் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழக்கமாக அங்கே இருக்கும். ஆகவே முக்கியமான ஒரு வாசகம் தமிழில் மயக்கமாகப் பட்டால், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நிறைவேறியபிறகு, சபையில் பேசியதை அப்படியே பதிவுசெய்யும் ஹன்சாட்டையும் எடுத்து, குழுநிலையில் எந்தச் சொல் மாறியது, உங்கள் மாவட்ட உறுப்பினர்கள் அப்போது என்ன சொன்னார்கள் என்று நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.