டெமோவைத் தூக்கியது கேமின் உரிமையாளர் அல்ல, விலகிப்போன இசையமைப்பாளர்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, பெரிய நிறுவனம் இல்லாமல் தனியாக உருவான, பிரபலமான ஓர் இண்டி ஆர்பிஜி (பாத்திரமேற்று விளையாடும்) கேமுக்கு முன்கதையாக ஒரு ரசிகர் கேமை நான்கு வருடமாகச் செய்துவருகிறோம். இலவசம்தான். மூல கேமை உருவாக்கியவர் அமெரிக்கர். இலவசமாக இருக்கும்வரை ரசிகர் கேம்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தன் தளத்தில் எழுதியிருக்கிறார். 22 டிராக் இசையமைத்துக் கொடுத்த எங்கள் நண்பர் சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டார். போன வாரம் டெமோ இருந்த அமெரிக்கத் தளத்துக்கு அவர் டிஎம்சிஏ நோட்டீஸ் (பதிப்புரிமை மீறல் என்று சொல்லி நீக்கக் கேட்கும் அமெரிக்கச் சட்ட நோட்டீஸ்) அனுப்பினார், பக்கமே போய்விட்டது. 1,50,000 டாலர் நஷ்டஈடு கேட்பேன் என்றும் மிரட்டுகிறார். அவருக்கு நாங்கள் பணம் எதுவும் தரவில்லை, ஒப்பந்தமும் இல்லை. அவர் செய்தது செல்லுமா? நாங்கள் செய்வதே சட்டப்படி சரிதானா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதில் அதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்தவருடைய பாத்திரங்களையும் உலகத்தையும் எடுத்து முன்கதை செய்தால் அது வழிப்படைப்பு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 106-வது பிரிவு அந்த உரிமையை மூலப் படைப்பாளிக்கே தருகிறது. "ஸ்ப்ரைட் (கேமில் வரும் பாத்திரப் படங்கள்) எல்லாம் நாங்களே வரைந்தோம்" என்பது இங்கே உதவாது. ‘டியூக் நியூகெம் 3டி’க்கு ரசிகர்கள் செய்த லெவல்களை ஒரு நிறுவனம் சிடியில் போட்டு விற்றது. அந்த மேப் கோப்புகளுக்குள் மூல கேமின் படம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவை டியூக்கின் கதையைத் தொடர்கின்றன என்பதால் உரிமை மீறல் என்று 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ‘ஸ்டார் ட்ரெக்’குக்கு முன்கதையாகத் திட்டமிட்ட ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படம், ரசிகர்களிடமே 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதன் ஃபேர் யூஸ் வாதம், அதாவது அனுமதி இல்லாமலே எடுத்தாலும் அது நியாயமான பயன்பாடு என்ற வாதம், எடுபடாது என்று 2017 ஜனவரியில் நீதிமன்றம் தீர்மானித்தது.

ஆக, உங்கள் கேம் நிற்பது மூலப் படைப்பாளியின் அந்த அறிவிப்பின் மேல் மட்டும்தான். ‘அண்டர்டேல்’ கேமுக்கு ரசிகர்கள் செய்த முன்கதையான ‘அண்டர்டேல் யெல்லோ’ 2023 டிசம்பரில் இலவசமாக வெளிவந்தது. ‘மெட்ராய்ட் 2’ கேமை ரசிகர் ஒருவர் புதிதாகச் செய்த ‘ஏஎம்2ஆர்’ கேமும் இலவசம்தான். 2016 ஆகஸ்டில் அது வெளிவந்த கையோடு டவுன்லோட் இணைப்புகளுக்கு நின்டெண்டோவின் நோட்டீஸ் போனது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சட்டத்தில் இல்லை, உரிமையாளரின் மனதில் இருக்கிறது. அதனால் அந்த அறிவிப்புப் பக்கத்தை இன்றே தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். வரிவரியாகப் படியுங்கள், குறிப்பாக இசையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். கேமுக்கு அனுமதி கொடுத்துவிட்டு இசைக்கு மட்டும் தனி நிபந்தனை வைப்பது உண்டு. இந்த ஒரு வரி உங்கள் வழக்கையே திருப்பிவிடும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது இசையமைப்பாளர். டிராக்கை ஒலிப்பதிவு செய்த நொடியிலேயே உரிமை அவருடையது. அவர் உங்கள் ஊழியர் அல்ல. கையெழுத்திட்ட காகிதம் இல்லாமல் உரிமை கைமாறாது. 204-வது பிரிவு அதில் கறார். ஆனால் உரிமை வேறு, பயன்படுத்தும் அனுமதி வேறு. நீங்கள் கேட்டு அவர் செய்தார், உங்கள் கேமுக்காகவே செய்தார், கோப்பை அனுப்பினார், டெமோவில் வருவது தெரிந்தும் சும்மா இருந்தார். இதை நீதிமன்றங்கள் மறைமுக அனுமதி என்று ஏற்றுக்கொள்கின்றன. 1990-ல் எஃபெக்ட்ஸ் அசோசியேட்ஸ் வழக்கில் நடந்தது இதுதான். ஒரு திகில் படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட் காட்சிகள் செய்துகொடுத்த நிறுவனம், ஒரு காட்சிக்குப் பேசிய பணத்தில் பாதிதான் வந்தது என்று உரிமை மீறல் வழக்குப் போட்டது. காகிதம் இல்லை, ஆனாலும் படத்தில் பயன்படுத்த அனுமதி இருந்தது என்றது நீதிமன்றம்.

உங்கள் கதையில் இடிக்கிற இடம் பணம். அங்கே பணம் கைமாறியது. பிரதிபலன் எதுவும் வாங்காமல் கொடுத்த அனுமதியை, கொடுத்தவர் திரும்பப் பெறலாம். நோட்டீஸ் அனுப்பியதன் மூலம் அவர் அதைத்தான் செய்திருக்கிறார் என்று வாதிட முடியும். ஆகவே நோட்டீஸ் வரும்வரை டெமோவில் அந்த இசை இருந்தது மீறல் அல்ல என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். இனிமேலும் வைத்திருப்போம் என்பதற்கு அந்தத் தைரியம் போதாது.

22 டிராக்கையும் உட்கார்ந்து கேட்டு இரண்டு குவியலாகப் பிரியுங்கள். மூல கேமின் மெட்டு, அதாவது அந்தப் பாத்திரம் வரும்போதெல்லாம் ஒலிக்கும் சின்ன ராகத்துணுக்கு, எதில் எல்லாம் கலந்திருக்கிறது? எது முழுக்க அவருடைய சொந்தக் கற்பனை? ‘இத்தனை ஸ்வரம் வரை எடுத்தால் தப்பில்லை’ என்று சுற்றிவரும் கணக்கை நம்பாதீர்கள், சட்டத்தில் அப்படி எண்ணிக்கை கிடையாது. சொந்தக் கற்பனை டிராக்குகளில் அவர் உரிமை உறுதியானது. மெட்டு கலந்தவற்றில்தான் மேலே சொன்ன அந்த வரி வேலை செய்கிறது. 103-வது பிரிவின்படி, அடுத்தவர் படைப்பை அனுமதியின்றி எடுத்துக்கொண்ட பகுதிக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடைக்காது. ‘ராக்கி’ பாத்திரங்களை வைத்துத் தானாகவே கதைச்சுருக்கம் எழுதிக் கொடுத்தவர், ‘ராக்கி 4’ தன் கதை என்று போட்ட வழக்கில் 1989-ல் தோற்றது இதனால்தான். ஆகவே மூலப் படைப்பாளி இசைக்கு அனுமதி தராவிட்டால் உங்கள் நண்பருக்கு அந்த டிராக்குகளில் உரிமை இல்லை. ஆனால் உங்களுக்கும் அவற்றைப் பயன்படுத்த வழியில்லை. அனுமதி தந்திருந்தால், அவர் புதிதாகச் சேர்த்த பகுதி சட்டப்படி அவருடையது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போலத்தான், எப்படிப் பார்த்தாலும் அந்த டிராக் கேமில் பத்திரமாக இல்லை.

1,50,000 டாலர் மிரட்டலுக்குத் தூக்கம் கெட வேண்டாம். அந்தத் தொகை வேண்டுமென்றே செய்த மீறலுக்கான உச்சவரம்பு. சாதாரணமாக ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை. அதையும் கேட்பதற்கு, மீறல் தொடங்கும் முன்போ, முதலில் வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் தன் உண்மையான நஷ்டத்தையும் உங்கள் லாபத்தையும் நிரூபித்துத்தான் வாங்க முடியும். இலவச கேமில் லாபம் எங்கே? நீங்கள் நன்கொடைப் பக்கம் ஏதாவது வைத்திருந்தால் மட்டும் இந்தக் கேள்விக்கு வேறு பதில் வரும். பணம் கொடுத்தவர்களுக்கு முன்கூட்டியே பில்ட் (விளையாடத் தயாரான கேம் கோப்பு) கொடுப்பது, எந்தப் பெயரில் செய்தாலும், விற்பனையாகவே பார்க்கப்படும். மூலப் படைப்பாளியின் ‘இலவசம்’ என்ற நிபந்தனையும் அதோடு உடைந்துபோகும். அப்படி ஒரு பக்கம் இருந்தால் உடனே மூடுங்கள்.

நீக்கியது தவறு என்று தளத்துக்குப் பதில் சொல்லும் கவுன்ட்டர் நோட்டீஸ் அனுப்பலாமா? அனுப்பினால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் தளம் டெமோவைத் திரும்ப வைக்கும். ஆனால் அதில் உங்கள் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் இருக்க வேண்டும், நகல் அவருக்கே போகும். அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்றும், தவறுதலாக நீக்கப்பட்டது என்று பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு நம்புகிறேன் என்றும் எழுத வேண்டும். அனுமதி திரும்பப் பெறப்பட்ட பிறகு அந்த வாக்கியத்தில் கையெழுத்திட நான் சொல்ல மாட்டேன். அதே பில்டை வேறு கணக்கில் ஏற்றுவது இன்னும் மோசம். மீண்டும் மீண்டும் மீறுபவர்களின் கணக்கை முடக்கும் கொள்கை இருந்தால்தான் தளங்களுக்கே சட்டப் பாதுகாப்பு, யோசிக்காமல் முடக்கிவிடுவார்கள்.

முதலில் சமாதானம் பேசுங்கள். நீங்கள் பேசாமல், சண்டையில் சம்பந்தப்படாத ஒருவரை அனுப்புங்கள். ஒரே பக்கக் காகிதம் போதும். 22 டிராக்கின் பெயர், இந்த கேமுக்கும் அதன் பேட்ச் (பிறகு வரும் திருத்தம்), டிரெய்லருக்கும் மட்டும் பயன்பாடு, திரும்பப் பெற முடியாத அனுமதி, கிரெடிட்டில் அவர் பெயர் எப்படி வர வேண்டும், சிறு தொகையாவது பணம். அந்தத் தொகைதான் அனுமதிக்கு ஆணி அடிக்கிறது, ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். அவர் தளத்துக்கு ‘நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதினால் பக்கம் திரும்பி வர அதுவே குறுக்குவழி.

மறுத்தால் இசையை மாற்றுங்கள். கேம் செய்யும் மென்பொருளான கேம்மேக்கரில் செய்கிறீர்கள் என்றால், சவுண்ட் அசெட்டின் (ப்ராஜெக்டில் சேர்த்த ஒலியின்) பெயரை அப்படியே வைத்துக் கோப்பை மட்டும் மாற்றினால் கோடில் கைவைக்க வேண்டியிருக்காது. ஆனால் தாளத்தோடு தாக்குதல் வரும் பாஸ் (பெரிய எதிரி) சண்டைகளில் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்ற வேகம்) மாறினால் எல்லாம் பிசகும், இசை திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் தொடங்கும் புள்ளியும் நகரும். புதியவருக்கு பிபிஎம், நீளம், காட்சியின் மனநிலை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பழைய டிராக்கைப் போட்டுக்காட்டி ‘இது மாதிரி வேண்டும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு மெசேஜ் நாளை ‘பார்த்துச் செய்தது’ என்பதற்கு அவர் கையில் ஆதாரமாகிவிடும். டிரெய்லர், பழைய பில்ட், தனியாக ஏற்றிய பாடல் தொகுப்பு ஆகியவற்றிலிருந்தும் பழைய இசையை எடுத்துவிடுங்கள்.

மீதி நான்கு பேரும் இந்த வாரமே ஆளுக்கொரு காகிதத்தில் கையெழுத்திடுங்கள். இன்றுவரை செய்ததும் இனிச் செய்வதும் இந்த கேமில் தொடர்ந்து இருக்க அனுமதி, விலகினாலும் அந்த அனுமதி நிற்கும், யாரும் தனியாக விற்க முடியாது என்று அதில் இருக்கட்டும். யாருக்காவது 18 வயது ஆகவில்லையென்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஒப்பந்தத்தை உதறிவிடலாம். அப்படியே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: மூல கேமின் படம், ஒலி, கோடு எல்லாம் அடங்கிய டேட்டா.வின் (data.win) கோப்பைப் பிரித்து எடுத்த கோடோ, ஒலியோ, எழுத்துருவோ நம் ப்ராஜெக்டுக்குள் எங்காவது கிடக்கிறதா? ஆரம்ப நாளில் ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று போட்ட மெனு கிளிக் சத்தம் ஒன்று, நான்கு வருடம் கழித்து யாருக்கும் நினைவில்லாமல் அப்படியே இருக்கும்.