அந்த +38 எங்கிருந்து வந்தது?

வணக்கம்.

என்னுடையது ஒற்றை சிலிண்டர் பைக். சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றிய பிறகு எஞ்சின் லீனாக, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று ஓட ஆரம்பித்தது. அதனால் இசியூவுக்கும் (எஞ்சினின் கணினி) பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் பொருத்தும் ஃப்யூயல் மாட்யூல் ஒன்று போட்டேன், கூடவே புகையிலிருந்து காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும். மாட்யூலின் மேப்பில் ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் த்ராட்டில் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்பது. ஒவ்வொரு கட்டத்திலும் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுவது, குறைப்பது என்று எண் போடலாம்.

வினாடிக்கு 10 வரி வீதம் 40 நிமிடம் பதிந்து, எக்ஸெலில் ஏற்றி, பிவோட் டேபிள் (வரிகளைக் கட்டம் கட்டமாகத் தொகுக்கும் வசதி) வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் கலவையின் சராசரி எடுத்தேன். எல்லாக் கட்டத்துக்கும் இலக்கு 13, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று. வித்தியாசத்தைச் சதவீதமாக்கிப் பழைய எண்ணோடு கூட்டினேன். இப்படி இரண்டு சுற்று. நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக ஆகிவிட்டது. ஆனால் மெதுவாகப் போகும்போது திக்குகிறது, ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கிறது. 5,000 ஆர்பிஎம், 0 த்ராட்டில் கட்டத்தில் இரண்டு சுற்றிலும் +38 கூட்டு என்றே கணக்கு வந்து நிற்கிறது. "ஸ்ப்ரெட்ஷீட் வரவு செலவு எழுதத்தான், எஞ்சினுக்கு இல்லை. ஆட்டோட்யூனில் விட்டுவிடு" என்கிறார் நண்பர், மேப்பைத் தானாகவே திருத்தும் மென்பொருளைச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா? என் கணக்கில் எங்கே தப்பு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

பதிந்த வரிகள் உள்ள லாக் கோப்பையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் இருந்தால் ஊகத்தில்தான் பதில் எழுதியிருப்பேன்.

முதலில் அந்த +38. உங்கள் லாக்கில் 5,000 ஆர்பிஎம், 0 த்ராட்டில் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். பாதி வரிகளில் 22.4 என்று இருக்கிறது. அது கலவையின் அளவே இல்லை. உங்கள் மீட்டரால் காட்ட முடிந்த உச்சம் அது, எண் அங்கே போய் முட்டி நிற்கிறது. மிச்சப் பாதி 13க்கும் 14க்கும் நடுவில். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 18 வருகிறது. 18ஐ 13ஆல் வகுத்தால் 1.385. உங்கள் 38 இதுதான்.

அந்த நேரத்தில் பைக்கில் என்ன நடக்கிறது? ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு, கியரிலேயே வேகம் குறைந்து வருகிறீர்கள். இசியூ பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. சைலன்சர் வழியாக வெறும் காற்று போகிறது, சென்சார் காற்றைக் காற்று என்றுதான் சொல்கிறது. இன்ஜெக்டரைத் திறக்கும் மின்துடிப்பே போகாத நேரத்தில் மாட்யூல் எதில் 38 சதவீதம் கூட்டும்? பூஜ்யத்தில் 38 சதவீதம் பூஜ்யம்தான். அதனால்தான் இரண்டாம் சுற்றிலும் அதே 38. பத்தாம் சுற்றிலும் அதுவேதான் வரும்.

ஆனால் அந்த எண் சும்மா கிடக்கவில்லை. பைக் 0 த்ராட்டிலில் இருந்து மெல்லத் திறக்கும்போது, மாட்யூல் பக்கத்துக் கட்டங்களைக் கலந்துதான் மதிப்பை எடுக்கிறது. 1 சதவீத த்ராட்டிலில் ஓடும்போது 0 கட்டத்தின் அந்தப் பெரிய எண்ணில் பாதி உள்ளே வந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் திக்கலும் கரியும் பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். 0 த்ராட்டிலில் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் உள்ள எல்லா எண்ணையும் அழித்து 0 ஆக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இன்றைக்கே செய்யக்கூடிய வேலை.

உங்கள் வகுத்தல், பெருக்கலில் பெரிய பிழை இல்லை. பிழை அதற்கு முன்னால் நடந்திருக்கிறது. 24,000 வரிகளையும் ஒரே மதிப்புள்ள சாட்சிகளாக எடுத்துக்கொண்டீர்கள். என் அனுபவத்தில் இந்த வேலையில் முக்கால்வாசி, எந்த வரியை நம்பக்கூடாது என்று தீர்மானிப்பதுதான். அது முடிந்துவிட்டால் மிச்சம் ஒரு வகுத்தல்.

உங்கள் லாக்கிலேயே இன்னொரு இடத்தைக் காட்டுகிறேன். 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி, அடுத்தடுத்து ஆறு வரிகள். த்ராட்டில்: 12, 12, 31, 46, 47, 47. கலவை: 13.4, 13.4, 13.5, 15.8, 14.9, 13.1. வெடுக்கென்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கியிருக்கிறீர்கள். காற்று உடனே உள்ளே பாய்கிறது. பெட்ரோலோ கொஞ்சம் இன்டேக் சுவரில் ஒட்டிக்கொண்டு தாமதமாக வருகிறது. அதனால் ஒரு கணம் லீன். மூன்றாவது வரியைப் பாருங்கள்: த்ராட்டில் 31க்குப் போய்விட்டது, கலவை இன்னும் 13.5. புகை வால்விலிருந்து சென்சார் வரை வந்து சேரவும், சென்சார் அதைப் படிக்கவும் நேரம் ஆகிறது. ஒரு வரியில் இருக்கும் கலவை அந்த வரியின் த்ராட்டிலுக்கு உரியது இல்லை, சற்று முன்னால் இருந்த த்ராட்டிலுக்கு உரியது.

கடைசி மூன்று வரிகளின் சராசரி 14.6. உங்கள் முறைப்படி அந்தக் கட்டத்தில் 12 சதவீதம் கூட்ட வேண்டும். ஆனால் த்ராட்டில் நிலைத்த பிறகு வந்த உண்மையான எண் 13.1. அங்கே கூட்ட வேண்டியது ஒரு சதவீதம்கூட இல்லை! திடீரென்று முறுக்கும்போது வரும் லீனைச் சரிசெய்ய ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட் என்று தனி அமைப்பு இருக்கிறது. அந்த வேலையை மேப் கட்டத்தின் தலையில் ஏற்றினால், நிதானமாக ஓட்டும்போதெல்லாம் ரிச்சாகத்தான், அதாவது பெட்ரோல் அதிகமாகத்தான் ஓடும்.

தாமதத்துக்குச் சிலர் கலவை நெடுவரிசையை இரண்டு, மூன்று வரி மேலே நகர்த்துவார்கள். அதுவும் சரிதான். ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற புகை வேகமாக வருவதால் தாமதம் குறையும், ஒரே நகர்த்தல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நான் செய்வது வேறு. புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்கிறேன். கடந்த ஐந்து வரிகளில், அதாவது அரை வினாடியில், த்ராட்டில் 2 சதவீதத்துக்கு மேலோ ஆர்பிஎம் 200க்கு மேலோ மாறியிருந்தால் அதில் 0, இல்லாவிட்டால் 1. பிவோட் டேபிளுக்கு 1 உள்ள வரிகள் மட்டும்தான் போகும். எல்லாம் நிலையாக இருக்கும் அரை வினாடியில், புகை கொஞ்சம் பிந்தி வந்தாலும் அது அதே கட்டத்துப் புகைதான். ஒரே சல்லடையில் தாமதமும் போய்விடுகிறது, திடீர் முறுக்கலும் போய்விடுகிறது.

எஞ்சின் சூடாவதற்கு முன் பதிந்த வரிகளையும் எடுத்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினுக்கு இசியூ தானாகவே கூடுதல் பெட்ரோல் கொடுக்கும்.

இப்படிச் சலித்துப் பார்த்ததில் உங்கள் 24,000 வரிகளில் ஏறக்குறைய 7,000தான் தேறின. வருத்தப்பட வேண்டாம், அந்த 7,000 பேசுவது தெளிவாக இருக்கிறது.

அப்புறம், சராசரி அட்டவணைக்குப் பக்கத்திலேயே எண்ணிக்கை அட்டவணை ஒன்றும் வையுங்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை வரி விழுந்தது என்று. 30 வரிக்குக் கீழே இருந்தால், அதாவது மூன்று வினாடிகூடத் தேறாவிட்டால், அந்தக் கட்டத்தைத் தொடமாட்டேன். நீங்கள் 7,500 ஆர்பிஎம், 80 த்ராட்டிலில் 6 சதவீதம் குறைத்திருக்கிறீர்கள். அது நான்கே நான்கு வரியின் பேச்சு. அதிக சுமையில் பெட்ரோலைக் குறைப்பது பிஸ்டனோடு விளையாடுவது. அந்த எண்ணை உடனே பழையபடி மாற்றுங்கள். அந்தப் பகுதியை சாலையில் அளக்கவே வேண்டாம், டைனோவில் (பைக்கை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டி அளக்கும் மேடை) ஏற்றி அளப்பதுதான் எஞ்சினுக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. சாலையில் ஓட்டும்போது லாக் தானாகப் பதியட்டும், மீட்டரைப் பார்க்காதீர்கள்.

சதவீதத்தைக் கூட்டியது பற்றியும் சொல்ல வேண்டும். சதவீதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். மேப்பில் 30 இருக்கிறது, இன்னும் 20 வேண்டும் என்று கணக்கு சொன்னால், விடை 50 இல்லை. 1.30 × 1.20 = 1.56, ஆகவே 56. எண்கள் சிறியதாக இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. 12க்குப் பிறகு 5.4 என்றால் 17.4க்குப் பதில் 18, அவ்வளவுதான். சூத்திரம் இது: அளந்த கலவையை இலக்குக் கலவையால் வகுத்து, பழைய பெருக்கு எண்ணால் (மேப்பில் 30 என்றால் 1.30) பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு; பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அந்த 14.7 என்ற எண்ணே மாறுமே என்றும் சிலர் கேட்பார்கள். சென்சார் உண்மையில் படிப்பது லாம்டாவை, அதாவது இருக்கும் காற்று தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு என்பதை. மீட்டர் அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. நாம் செய்வது வகுத்தல் என்பதால் அந்த 14.7 மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடும். குழப்பமாக இருந்தால் எல்லாவற்றையும் லாம்டாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முழு த்ராட்டிலுக்கு 0.88 இலக்கு என்பதுபோல. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே 13 வேண்டாம். நிதானமாக ஓடும் கட்டங்களை இன்னும் லீனாக விடலாம், அங்கே கேட்பது இழுவை இல்லை.

சிறிய த்ராட்டிலில் உங்கள் திருத்தம் அளவு மீறியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இன்ஜெக்டருக்கு மின்சாரம் போன உடனே அது திறப்பதில்லை, ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி வீணாகிறது. ஐட்லிங்கில் மொத்தத் துடிப்பு 2.4 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். அதில் பெட்ரோல் பாயும் நேரம் 1.4தான். மாட்யூல் மொத்த நேரத்தை 10 சதவீதம் நீட்டினால் 0.24 கூடுகிறது. அந்த 0.24 முழுவதும் திறந்திருக்கும் நேரத்தில் போய்ச் சேரும். 1.4க்கு 0.24 என்பது 17 சதவீதம். 10 போட்டீர்கள், 17 விழுந்தது. உங்கள் மாட்யூல் மொத்தத் துடிப்பை நீட்டும் வகைதானா என்று பாருங்கள். அப்படியென்றால் 10க்குக் கீழ் த்ராட்டில் உள்ள கட்டங்களில் கணக்கு சொல்வதில் பாதியை மட்டும் போட்டு மறுபடி அளங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாதது ஒன்று: பைக்கோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார் இன்னும் இசியூவோடு இணைந்திருக்கிறதா? உங்கள் சராசரி அட்டவணையில் 3,000 முதல் 4,500 ஆர்பிஎம், 5 முதல் 10 த்ராட்டில் வரையுள்ள கட்டங்களைப் பாருங்கள். முதல் சுற்றில் 14.6, 14.7, 14.7, 14.6. 13ஐ எட்ட நீங்கள் 13 சதவீதம் கூட்டிய பிறகு, இரண்டாம் சுற்றில் 14.7, 14.6, 14.7, 14.7. எண் அசையவே இல்லை. நீங்கள் கூட்டக் கூட்ட இசியூ குறைத்துக்கொண்டே வருகிறது. அந்தப் பகுதியில் கலவையை நிர்ணயிப்பது நீங்கள் இல்லை, அந்த சென்சார். ஒன்று அந்தக் கட்டங்களை 0 ஆக்கி இசியூவிடமே விடுங்கள், அல்லது மாட்யூல் தயாரிப்பாளர் சொல்லும் முறையில் அதன் திருத்தத்தை நிறுத்திவிட்டு அளங்கள். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். நிதானமாக ஓடும் இடத்தில் 14.7 ஒரு குறையே இல்லை.

என் பைக்கில் நடந்ததையும் சொல்கிறேன். ஐட்லிங்கில் 16 காட்டியது. பெட்ரோல் கூட்டினேன், 16. இன்னும் கூட்டினேன், 16.3. நான்கு வாரம் அந்த ஒரு மூலையையே திருத்திக்கொண்டிருந்தேன். பிளக்கைக் கழற்றினால் கருப்பு. மீட்டர் லீன் என்கிறது, பிளக் ரிச் என்கிறது. கடைசியில் எஞ்சினும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நுரை குமிழ் குமிழாக வந்தது. கேஸ்கெட் போயிருந்தது. அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. நான் கூட்டிய பெட்ரோலில் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகி (சில முறை பற்றாமல் போய்), எரிப்பில் செலவாகாத ஆக்ஸிஜனும் சேர்ந்து வந்திருக்கிறது. அன்றிலிருந்து, கூட்டியும் எண் இறங்காத கட்டத்தைக் கண்டால் எக்ஸெலை மூடிவிட்டு ஸ்பேனரை எடுக்கிறேன். நீங்களும் சைலன்சர் மாற்றியவர். அந்த இணைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். ஆட்டோட்யூன் கெட்டது இல்லை. அது செய்வதும் இதே வகுத்தல்தான், நல்ல மென்பொருளாக இருந்தால் சல்லடையும் உள்ளே இருக்கும். ஆனால் எந்த வரியை ஏற்றது, எதைத் தள்ளியது என்று அது உங்களிடம் விவரிக்காது. அந்த +38ஐ நீங்கள் கேள்வி கேட்க முடிந்தது, அது உங்கள் கண்முன் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருந்ததால்தான். மேலும், இசியூவுக்குள் இருக்கும் மேப்பும் வரிசையும் நெடுவரிசையும் எண்ணும் கொண்ட அட்டவணையே. எஞ்சினின் சொந்த மொழியில் எழுதுகிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் சுற்றுக்கு முன் மேப்பை நிறம் போட்டுப் பாருங்கள், கூடுதலுக்குச் சிவப்பு, குறைவுக்கு நீலம். பக்கத்துக் கட்டம் 4, இந்தக் கட்டம் 15, அடுத்தது 5 என்று ஒற்றையாக ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் அந்தக் கட்டத்தின் வரிகளைத் திறந்து படியுங்கள். சிலிண்டரில் காற்று நிரம்புவது 500 ஆர்பிஎம்முக்குள் அப்படி ஏறி இறங்காது. மேடு இருந்தால் நாலைந்து கட்டத்துக்குப் பரவித்தான் இருக்கும்.

அடுத்த லாக்கை அனுப்பும்போது எண்ணிக்கை அட்டவணையையும் சேர்த்து அனுப்புங்கள். முதலில் அதைத்தான் பார்ப்பேன். கேஸ்கெட்டில் குமிழ் வந்ததா என்றும் ஒரு வரி எழுதுங்கள்.