கேளுங்கள், சொல்கிறேன்: கேஸ் கீசர் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: ஐயா, எங்கள் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோம். மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர், அதில் எக்ஸாஸ்ட் ஃபேன். கொஞ்ச நாளாக என் மகள் குளித்துவிட்டு வந்ததும் தலைவலி, கிறுகிறுப்பு என்று படுத்துக்கொள்கிறாள். பிறகு சரியாகிவிடுகிறது. வெந்நீரை அதிகச் சூட்டில் ஊற்றிக்கொள்வதால்தான் என்கிறார் மாமியார். கீசரைப் பார்க்க வேண்டுமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: இரண்டையும் பாருங்கள் அம்மா. ஆனால் அதற்கு முன்னால், படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் கீசருக்கு வரும் கேஸ் வால்வை மூடிவிடுங்கள். இன்றைக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம்.

குளிக்கும்போது தலைவலி, வெளியே வந்ததும் தெளிவு. கீசர் மாட்டியும் கழற்றியும் பிழைக்கிற எனக்கு இந்த ஒரு அடையாளம் போதும். வெந்நீரின் மேல் சந்தேகம் வேண்டாம். அறைக்குள் கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு சேர்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் அதில் வாசனைப் பொருளைக் கலந்தே அனுப்புகிறார்கள். எரிந்து முடிந்த புகையில் அந்த வாசனை இருக்காது. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கை கால் தளர்ச்சி. அதற்கு மேல் போனால் தாழ்ப்பாளைத் திறக்கக்கூடக் கை வராது.

எப்படிச் சேர்கிறது என்று சொல்கிறேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரணக் கீசர், சமையலறை பர்னர் நான்கைந்தை ஒன்றாகப் பற்றவைத்த அளவுக்கு எரிகிறது. ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கனமீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடிக் குளியலறையில், கூரை எட்டு அடி என்றால், மொத்தக் காற்றே 8 கனமீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் குளித்தால், அதில் கால் பங்குக் காற்றின் ஆக்சிஜனைக் கீசர் தின்றுவிடும். ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் சரியாக எரியாது, நச்சு வாயு கூடிக்கொண்டே போகும். முதலில் குளிப்பவரைவிட அடுத்தடுத்துப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் மகள் கடைசியில் குளிக்கிறவளா என்று கேட்டுப் பாருங்கள்.

வென்டிலேட்டரும் ஃபேனும் இருக்கிறதே என்றால், ஃபேன் காற்றை வெளியே தள்ள அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். கீழே வழியில்லை என்றால் அது சும்மா சுற்றும், அவ்வளவுதான். அதே அறையில் புகைக்குழாய் வைத்த கீசர் இருந்தால் இன்னும் மோசம். ஃபேன் இழுக்கிற இழுப்பில் வெளிக்காற்று அந்தக் குழாய் வழியாகவே இறங்கி, போக வேண்டிய புகையையும் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

டாக்டரிடம் போனால், "எங்கள் குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜனையும் இந்த வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, 98 என்றே காட்டும். சுத்தமான காற்றில் இருந்தால் ஐந்து மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பாதி வாயு இரத்தத்திலிருந்து போய்விடும். தாமதமாகச் சோதித்தால் கண்டுபிடிப்பது கடினம். குளியலறையில் விழுந்து கை கால் வெட்டி இழுத்தவர்களை வலிப்பு நோயாளி என்று எண்ணி மருந்து கொடுத்து, காரணம் கீசர்தான் என்று பிறகு தெரிய வந்ததை மருத்துவ இதழ்களே எழுதியிருக்கின்றன. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவரையும் டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு தாயைவிட அதிகம்.

கீசரை என்ன செய்வது? கழற்றி வெளியே மாட்டுங்கள். பால்கனி, வெளிச்சுவர், திறந்த பின்கட்டு என்று மழை நேராக அடிக்காத, எப்போதும் காற்று ஓடுகிற இடம். அங்கிருந்து வெந்நீர்க் குழாய் மட்டும் குளியலறைக்குள் வரட்டும். குழாய் நீளம் கூடினால் வெந்நீர் வரக் கொஞ்சம் தாமதமாகும். பரவாயில்லை.

கேள்வி: "புது மாடலில் சென்சார் இருக்கிறது, ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணைந்துவிடும், புகைக்குழாயே தேவையில்லை" என்கிறார்கள். நம்பலாமா அண்ணா?

பதில்: சென்சார் நல்லதுதான் தம்பி, இல்லாததை வாங்காதீர்கள். ஆனால் அது கவனிப்பது ஆக்சிஜனை. பெரும்பாலும் 18 சதவீதத்தை ஒட்டி இறங்கும்போது அணைக்கும். கார்பன் மோனாக்சைடை அது அளப்பதில்லை. பர்னரில் தூசி அடைத்து, மேலே இருக்கும் செம்புத் தகடுகளின் இடுக்கில் கரி படிந்துவிட்டால், அறையில் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே நச்சு வாயு வரும். சென்சார் பேசாமல் இருக்கும். இருபது நிமிடத்தில் தானாக அணைக்கும் டைமரும் அப்படித்தான். அணைந்த கையோடு மறுபடி திறந்தால் எரியும், அறைக் காற்று அதே காற்று.

குழாய் மூலம் உடனுக்குடன் வெந்நீர் தரும் கேஸ் கீசரை 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் உருவாக்கியபோது அதில் புகைக்குழாய் கிடையாது. அது ஆபத்து என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துபோன விஷயம். மறுபடி அங்கே போய் நிற்க வேண்டாம். வீட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும் என்றால், எரிவதற்கு வேண்டிய காற்றையும் வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியே தள்ளுகிற, அறைக் காற்றோடு தொடர்பே இல்லாத மூடிய வகை இருக்கிறது. விலை கூடுதல்தான். வேறு எதையும் வீட்டுக்குள் மாட்ட நான் சம்மதிப்பதில்லை.

கேள்வி: கீசர் சமையலறையை ஒட்டிய துவைக்கும் இடத்தில் இருக்கிறது. புகைக்குழாய்க்கு பிவிசி பைப் போட்டு, சமையலறைச் சிம்னியின் குழாயோடு சேர்த்துவிடலாம் என்கிறார் பிளம்பர்.

பதில்: இரண்டும் கூடாது. பிவிசி சூட்டில் இளகி வளையும், மூட்டு விட்டுப்போகும். கீசரின் கையேட்டில் சொல்லியிருக்கும் உலோகக் குழாய்தான் வேண்டும். கீசர் வாயின் விட்டம் எவ்வளவோ அதற்குக் குறையவே கூடாது. சிம்னிக் குழாயோடு சேர்த்தால், சிம்னி ஃபேன் ஓடும்போது புகை கீசர் பக்கமாகவே திரும்பி வரும்.

புகையைத் தள்ளும் ஃபேன் தனக்குள்ளேயே இல்லாத கீசரில் புகை தன் சூட்டினால் மட்டுமே மேலே ஏறுகிறது. அதனால் கீசரிலிருந்து முதலில் நேராக மேலே கொஞ்ச தூரம் விடுங்கள், பிறகு எல்போ, அதாவது குழாயைத் திருப்பும் வளைவு. எல்போக்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. படுக்கையாகப் போகிற பகுதி வெளிப்பக்கம் நோக்கி மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது உயர்ந்துகொண்டே போகட்டும். நடுவில் தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருகிறது. ஃபேன் வைத்த கீசருக்குச் சரிவு வேறு மாதிரி, பெரும்பாலும் வெளிப்பக்கம் லேசாக இறங்கும். கையேட்டைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். குழாய் முனை திறந்த வெளியில் முடியட்டும், தொப்பியும் போடுங்கள். யார் வீட்டு ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம், நாலு பக்கமும் சுவர் எழும்பிய ஷாஃப்ட்டுக்குள்ளும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள், வீட்டிலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன், சிம்னி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். கீசரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, அதன் தலைப்பக்கம் புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் திறந்த விளிம்பை ஒட்டி ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகைநூல் வளைந்து உள்ளே இழுபட வேண்டும். விளிம்பில் தயங்கி நின்றாலோ, உங்கள் முகத்துக்குத் திரும்பினாலோ கீசரை அணைத்துவிட்டு வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். சுற்றிலும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். சில சமயம் ஒரு மூலையில் மட்டும் வெளியே தள்ளும்.

கேள்வி: பால்கனியில்தான் கீசர். இப்போது கண்ணாடி வைத்து அடைத்துவிட்டோம். பரவாயில்லையா?

பதில்: அடைத்த அன்றைக்கே அது அறையாகிவிட்டது. கண்ணாடியில் மேலே ஒன்று, தரையை ஒட்டி ஒன்று என நிரந்தரமாகத் திறந்திருக்கும் இரண்டு வழிகள் வேண்டும், புகைக்குழாயும் கண்ணாடியைத் தாண்டி வெளியே போக வேண்டும். முடியாதென்றால் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். சிலிண்டரும் அங்கேதான் என்றால் தரையை ஒட்டிய வழி இன்னும் அவசியம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கினால் கீசரை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடலாமா?

பதில்: அலாரம் வாங்குங்கள், கீசரையும் மாற்றுங்கள். ஐரோப்பியத் தர விதிப்படி 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) அளவில் 3 நிமிடத்துக்குள் அலாரம் ஒலிக்க வேண்டும். 50 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் ஒலிக்கும். நீராவி பட்டால் கெட்டுவிடும் என்பதால் குளியலறைக்குள் மாட்டவும் முடியாது. உள்ளே தாழிட்டுக் குளிப்பவருக்கு, வெளியே மாட்டிய அலாரம் ஒலிப்பதற்குள் நேரம் போய்விடும். வெளியே மாற்றிய பிறகு, படுக்கையறைப் பக்கம் ஒன்று இருக்கட்டும்.

அது ஒலித்தால் பேட்டரி கோளாறு என்று நினைக்காதீர்கள். கீசரை அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். யாராவது மயங்கியிருந்தால் முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கேஸ் கீசர் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு வருவார்கள்.