முகப்பரு: முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். பத்தாவது படிக்கும்போது நெற்றியில் பரு வந்தது. இப்போது தாடையிலும் கழுத்தோரத்திலும் வலியோடு வருகிறது. எலுமிச்சை, பற்பசை, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. தோழி சொன்ன ஒரு க்ரீமை மெடிக்கலில் வாங்கி நான்கு மாதமாகப் போடுகிறேன். முதல் வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆனது. ஆனால் இரண்டு நாள் விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது, வெயிலில் எரிகிறது. உடல் சூடுதான் காரணம் என்கிறார் பாட்டி. தையில் திருமணம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பார்லரில் ஃபேஷியல் எடுக்கலாமா? பருவுக்கு மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

பதில்: ஃபேஷியல், மாத்திரை பற்றி அப்புறம் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த க்ரீம்தான். ட்யூபைக் கையில் எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று இன்னும் இரண்டு மருந்துகளும் அதோடு சேர்ந்திருக்கும். மங்கு, கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும், மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள் இவை. முகப்பருவுக்கோ நிறத்துக்கோ போடும் க்ரீம் அல்ல. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கவுன்ட்டரில் கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்டீராய்டு போட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், வீக்கமும் சிவப்பும் அடங்கும். அதனால்தான் ஒரு வாரத்தில் முகம் தெளிந்தது போலத் தெரிந்தது. உள்ளே பருவுக்கான காரணம் அப்படியே இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், கன்னத்தில் நூல் போல ரத்தக் குழாய்கள் தெரியும், பூனைமுடி கூடும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். இரண்டு நாள் விட்டால் சிவந்து எரிவது, தோல் அந்த மருந்துக்குப் பழகிவிட்டதன் அடையாளம். இப்படி முகம் கெட்டுப்போய் வருகிறவர்கள் அதிகமானதால், இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு குழு வைத்து விழிப்புணர்வு செய்கிறது. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. ஒரு வாரத்தில் பலன் தந்த பொருளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆகவே ட்யூபோடு ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். நான்கு மாதம் போட்டிருப்பதால் ஒரே நாளில் நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் ட்யூபைப் பார்த்து முடிவு செய்யட்டும். நிறுத்திய பிறகு சில வாரம் முகம் மோசமாகத்தான் இருக்கும். பயந்துபோய் மறுபடி அந்த ட்யூபைத் தொடுவது அந்த நாட்களில்தான். அதைத் தாண்ட வைப்பதற்கும் மருந்து இருக்கிறது. எம்.டி. டிவிஎல் என்ற தோல் மருத்துவ மேற்படிப்போ, தோல் மருத்துவத்தில் பட்டயமோ படித்தவரா என்று பார்த்துப் போங்கள். செலவு கவலையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே கட்டணம் கிடையாது.

சரி, பருவுக்கு வருவோம். தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. ஆன்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தூண்டும்போது அது அதிக எண்ணெயைச் சுரக்கும். இந்த ஹார்மோன் பெண்கள் உடலிலும் உண்டு. அதே நேரத்தில் துளையின் வாயில் உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். அடைப்புக்குள் தேங்கிய எண்ணெயில், எல்லோர் தோலிலும் வாழ்கிற க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகும். உடல் அதை எதிர்க்கும்போதுதான் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம். அடைப்பு வெளியே திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருப்பு அழுக்கு அல்ல. நிறமியும் காற்றுப் பட்ட எண்ணெயும் சேர்ந்து தருகிற நிறம், தேய்த்தால் போகாது.

இன்று காலை கண்ணாடியில் நீங்கள் பார்த்த பரு சில வாரங்களுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக ஆரம்பித்திருக்கும். அடுத்த மாதம் வரப்போகிற பருவும் இப்போதே உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது. அதனால் தெரிகிற பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது போல மருந்து வைத்தால் எந்தக் காலத்திலும் தீராது. பரு வருகிற பகுதி முழுவதற்கும், பரு இல்லாத நாளிலும், வாரக்கணக்கில் போட வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து சரியானதாகவே இருந்திருக்கும். போட்ட விதமும் விட்ட நேரமும்தான் தவறியிருக்கும். மூன்றாவது வாரத்தில் "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாற்றிவிடுவார்கள். எந்தப் பரு மருந்தையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போட்டுப் பார்க்காமல் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

பாட்டி சொல்கிற சூட்டை நான் தள்ளிவிடவில்லை. கோடையில் வியர்வையும் புழுக்கமும் பருவைக் கூட்டுவது உண்மை. ஆனால் மாம்பழமும் கத்திரிக்காயும் விட்டதால் மட்டும் பரு போனவரை நான் பார்த்ததில்லை. சர்க்கரையை வேகமாக ஏற்றுகிற உணவு, அதாவது இனிப்பு, மைதா பலகாரம், குளிர்பானம், சிலருக்குப் பருவைக் கூட்டும். பாலும், உடற்பயிற்சிக் கூடத்தில் குடிக்கும் வே புரோட்டீனும் சிலருக்கு அப்படித்தான். ஆறு வாரம் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். எலுமிச்சையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் புண்ணாகிக் கருக்கும். பற்பசை எரிச்சல் தருமே தவிர அடைப்பை எடுக்காது.

தாடையில் வலியோடு வருகிறது என்கிறீர்கள். ஸ்கூட்டரில் போகும்போது முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டுவீர்கள்தானே? ஒரு பெண்ணுக்கு, துப்பட்டா முடிச்சும் ஹெல்மெட் பட்டையும் உரசுகிற அதே கோட்டில், காதுக்குக் கீழிருந்து மோவாய் வரை, வரிசையாகப் பரு இருந்தது. கட்டிக் காட்டச் சொன்னபோதுதான் அவருக்கே புரிந்தது. துப்பட்டா மெல்லிய பருத்தியாக, தினமும் துவைத்ததாக இருக்கட்டும். ஹெல்மெட் பட்டையைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெயை இரவு தடவி அதே தலையணையில் படுத்தால் நெற்றியோரத்தில் அடைப்பு வரும். குளிப்பதற்கு முன் தடவி அலசிவிடுங்கள்.

தாடைப் பருவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாதவிடாய் முப்பத்தைந்து நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா? மோவாயில் கனமான முடி முளைக்கிறதா? தலைமுடி உச்சியில் மெலிகிறதா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது வெளிப்பூச்சு மட்டும் போதாது, ஹார்மோனுக்கும் சிகிச்சை வேண்டியிருக்கும். மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு மட்டும் இரண்டு மூன்று வருவது சாதாரணம்தான்.

இனி உங்கள் ஐந்து மாதம். முதல் நான்கு வாரம் தோலைத் தேற்றுவதற்கு மட்டும். காலையும் இரவும் நுரை அதிகம் வராத மென்மையான க்ளென்சரில் விரலால் கழுவுங்கள். ஸ்க்ரப், பிரஷ், ஆவி பிடிப்பது எதுவும் வேண்டாம். எண்ணெய்ச் சருமம்தானே என்று மாய்ஸ்சரைசரை விடாதீர்கள். அடைப்பு ஏற்படுத்தாத வகை என்று போட்டிருக்கும் ஜெல் அல்லது லோஷன் நல்லது. காலையில் சன்ஸ்க்ரீன் கட்டாயம், எஸ்பிஎஃப் 30 போதும், ஆனால் அளவு குறையக் கூடாது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு ஒரு கோடு பிழிந்தால் அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு. நம் நிறத் தோலில் பரு போனாலும் கரும்தடம் மாதக்கணக்கில் நிற்பதற்கு முக்கியக் காரணங்கள் வெயிலும் கிள்ளுவதும்.

தோல் தேறியதும் மருத்துவர் சொன்ன பிறகு பரு மருந்தைத் தொடங்கலாம். பெரும்பாலும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லில் ஆரம்பிப்போம். துளையின் அடைப்பை அவிழ்ப்பது அதன் வேலை. இரவு முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, மூக்கு, இரு கன்னம், மோவாய் என்று ஐந்து இடத்தில் தொட்டு வைத்துப் பரப்புங்கள். அந்த ஒரு பட்டாணி முழு முகத்துக்கும். அதிகம் வைத்தால் சீக்கிரம் குணமாகாது, உரிந்து எரியும். முதலில் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு, அப்புறம் தினமும். முதல் சில வாரம் பரு கொஞ்சம் கூடுவது போலத் தோன்றலாம். நிறுத்திவிடாதீர்கள்.

காலையில் பென்சாயில் பெராக்ஸைடு. 2.5 சதவீதமே போதும். அதிக வீரியத்தில் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு, எரிச்சல்தான் கூடும். கிருமி இதற்குப் பழகிக்கொள்ளாது என்பது பெரிய நன்மை. ஆனால் துணியை வெளுக்க வைக்கும், அதனால் வெள்ளைத் துண்டையும் வெள்ளைத் தலையணை உறையையும் தனியாக எடுத்து வையுங்கள். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல் எழுதினால் பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும். தனியாகப் போட்டால் சில மாதத்தில் கிருமி பழகிவிடும்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். சீழ்ப் பரு அதிகமாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்போம், மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இழுக்க மாட்டோம். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விடுங்கள். கர்ப்ப காலத்தில் கூடாது.

நீங்கள் பயப்படுவது ஐசோட்ரெட்டினாயின் என்று நினைக்கிறேன். தழும்பு விழுகிற கட்டிப் பருவுக்கு அதைவிட நல்ல மருந்து இதுவரை இல்லை. 1982இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு முடித்தவர்களுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறப்பதில் தடை வராது. ஆனால் சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் வரும் அபாயம் அதிகம். ஆகவே மாத்திரை நாட்களிலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை பார்ப்போம். உதடு வறளும். இந்தச் சிகிச்சை பல மாதம் ஓடுவது. உங்களுக்கோ ஐந்து மாதத்தில் திருமணம். தேதியை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று தயங்க வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் நாங்கள் அவரை வெளியே உட்காரச் சொல்வோம். குழந்தைக்குத் திட்டமிடும்போது அடாபலீனையும் நிறுத்த வேண்டும். அப்போது அசலாயிக் அமிலம் கைகொடுக்கும், கரும்தடத்தையும் குறைக்கும்.

பார்லர் ஃபேஷியல் இப்போது வேண்டாம். மெலிந்த தோலில் மசாஜ், ஆவி, கம்பியால் முள் எடுப்பது மூன்றும் பருவைப் பரப்பும், தடம் விடும். மருத்துவமனையில் சுத்தமான கருவியால் அடைப்பை எடுப்பதும், தோலின் மேலடுக்கை உரிக்கிற சாலிசிலிக் அமில பீலும் உதவும். அதையும் உங்கள் தோல் தேறிய பிறகே, இரண்டு மூன்று வார இடைவெளியில், குறைந்த வீரியத்தில் தொடங்க வேண்டும். மாநிறத் தோலில் வேகமாக பீல் செய்தால் கருத்துப்போகும். பள்ளத் தழும்புக்கு நுண்ணூசிகளால் தோலில் குத்திச் செய்கிற மைக்ரோநீட்லிங்கைப் பரு அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம், திருமணத்துக்குள் முடிக்க அவசரப்படாதீர்கள்.

கணக்குப் போட்டால் நான்கு வாரம் தேற்றல், பன்னிரண்டு வாரம் மருந்து, கடைசியில் நான்கு வாரம் கையில் மிச்சம். அந்தக் கடைசி மாதத்தில் புதுப் பொருள் எதையும் முகத்தில் முயற்சி செய்யாதீர்கள். முகத்தில் வாக்ஸிங், த்ரெட்டிங் செய்வதென்றால் ஒரு வாரம் முன்பே அடாபலீனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தோல் உரிந்து வரும். மேக்கப் போடுபவரிடம் ஒத்திகை பார்ப்பதை ஒரு மாதம் முன்பே வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சும் பிரஷ்ஷும் கழுவியதா என்று கேளுங்கள். நாள் நெருங்கும்போது பெரிய கட்டிப் பரு ஒன்று கிளம்பினால் கிள்ளாமல் உங்கள் மருத்துவரிடம் ஓடுங்கள். பருவுக்குள்ளேயே மிகச் சிறிய அளவு ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். நலங்கு வைக்கும்போது கன்னத்தில் மஞ்சளை அழுத்தித் தேய்க்க வேண்டாம், தொட்டு வைத்தால் போதும் என்று அத்தை, சித்தி எல்லோரிடமும் முதலிலேயே சொல்லி வையுங்கள். முடிந்த கையோடு வெறும் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.